இந்த வாரப் பெரிய பாவம்

— பொய்யின்னு ஒரே ஒரு வார்த்த நீ வந்து சொன்னா போதும் சார். வேற எதுவும் வாணாம்.

— முதலில் உட்காருங்கள் அம்மா. கூடையை மட்டும் வாசலுக்கு வெளியே வைத்துவிடுங்கள். நன்னெறி வகுப்பு நடக்கும் அறை இது. மீன் வாடை ஆன்ம சுத்திக்கு ஆகாது.

— கூடையில மீனே இல்ல சார். போன புதன்கெயமலேந்து குப்பத்துல எவனும் எனக்கு மீன் குடுக்கறதில்ல. வெறும் கூடைய பயக்கத்துல தூக்கினு வந்துட்டேன்.

— நீங்கள் ஐந்தாம் வகுப்பு வினிதாவின் தாயார் அல்லவா?

— ஆமா, மங்கை. தோ, வராந்தாவுல தூண கட்டிப் புடிச்சினு நிக்குதே, அதான் எம் பொண்ணு. உள்ள கூப்டாத. மெதுவாவே பேசு.

— அருமையான குழந்தை. போன புதன்கிழமை அது எழுந்து நின்று பேசியபோது இந்த ரகுபதிக்கே கண் கலங்கிவிட்டது.

— உனக்கு கண்ணோட போச்சி. எங்களுக்கு வூடே கலங்கிப் போச்சி. "எங்கப்பா தங்கப்பாண்டிதான் ராமதாசு மாமாவோட படகு இஞ்சின திருடினாரு"ன்னு அது சொன்னத நீ போர்டுல எயுதி, மேல நட்சத்திரம் வேற போட்டுட்ட.

— "இந்த வாரப் பெரிய பாவம்" என்று தலைப்பிட்டு எழுதுவது எங்கள் ஆன்ம ஒளி மன்றத்தின் முறை. தன் பாவமோ, தன் வீட்டுப் பாவமோ, குழந்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எது பெரியதோ அதற்கு ஒரு நட்சத்திரம், ஒரு கடலை மிட்டாய். எந்த மதத்தையும் நாங்கள் குறை சொல்வதில்லை. எல்லாக் கடவுளுக்கும் பாவம் பொதுதானே?

— பாவம் பொது, சரி. வெளயாட்டு பீரியட்டு யாருது? அத்தயில்ல புடுங்கி உங்கிட்ட குட்த்துட்டாங்க.

— தலைமையாசிரியை எல்சி அம்மையார் மனமுவந்து தந்தது அது. மைதானத்தில் சாக்கடைத் தண்ணீர் நிற்கிறது, பிள்ளைகள் சும்மாதானே இருக்கிறார்கள் என்றார்.

— ஆங், சும்மா இருந்த புள்ளைங்கள வெச்சி நீ இன்னா பண்ணிக்கீறன்னு தெரியுமா? அப்சல் பையன் எயுந்து, "எங்க மாமா நோன்புல கக்கூசுல ஒளிஞ்சினு டீ குடிச்சாரு"ன்னான். மாமாவுக்கு நிக்காஹ் நின்னு போச்சி.

— பெண் வீட்டார் எனக்கு நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

— நாலாவது படிக்கிற பையன் வெற்றி, ஆத்துல எண்ண கலந்து மீனெல்லாம் செத்து மெதந்திச்சே, அந்த எண்ணைய ஊத்தினதே நான்தான்னான். அதுக்கும் நட்சத்திரம் போட்ட.

— தேம்பித் தேம்பி அழுதான் அம்மா. பாவத்தின் அளவு முக்கியமல்ல. வருத்தம்தான் முக்கியம்.

— அவ்ளோண்டு பையன் ஒரு ஆத்தையே கெடுத்துட்டேன்றான், நீ நம்பிட்ட?

— உண்மையில் ஊற்றியவர்கள் யாரும் இதுவரை வருந்தவில்லை. ஒருவனாவது வருந்த முன்வந்தானே என்று மகிழ்ந்தேன்.

— சரி வுடு. எம் பொண்ணு மொத வாரம் இன்னா பாவம் சொல்லிச்சுன்னு ஞாபகம் கீதா?

— சர்க்கரை டப்பாவில் கை விட்டு ஒரு பிடி தின்றேன் என்றது. அது பாவமல்ல, பசி. நன்றாக யோசித்துவிட்டு வா என்று வெயிலில் நிறுத்தினேன்.

— அடுத்த வாரம்?

— வேறு பாவம் எதுவும் இல்லை என்றது. கவனியுங்கள், அதைவிடப் பெரிய அகங்காரம் உண்டா? மறுபடியும் நிறுத்தினேன்.

— அதுக்கும் அடுத்த வாரம் நிறுத்தின. பசங்க "அகங்காரி அகங்காரி"ன்னு பின்னாலயே ஓடி வந்தானுங்க. எதோ கலீஜான வியாதின்னு நான்கூட தலைய வாரிப் பாத்தேன். கால் சுட்டுப் போயி வந்து நின்ன புள்ள, பெருசா எதுனா பாவம் கெடைக்குமான்னு தேடியிருக்குது. அப்போ குப்பத்துல எந்த வூட்டுக்குப் போனாலும் ராமதாசு இஞ்சினு பேச்சுதான். அத்த எட்த்து அவங்கப்பன் தலையில வெச்சிட்டு நெயல்ல வந்து குந்திகிச்சி.

— இதை யார் உங்களுக்குச் சொன்னது?

— அதே சொல்லிச்சி. இன்னிக்கு காலையில, போர்வைக்குள்ள, எங்காதுல.

— அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததே. ஊர் முன்னால் அதையே சொல்லட்டும்.

— சொல்லாதாம். வகுப்புல சொன்னத மாத்தி சொன்னா ஒரு பாவம் ரெண்டு பாவமா ஆவும்னு நீ சொல்லிக் குட்த்துக்கீற. கடவுளு நாக்குல ஆணி அடிப்பாருன்னு படம் வேற வரைஞ்சி காட்டிக்கீற.

— படம் அச்சில் வந்தது. மன்றம் அனுப்பியது.

— யாரு வரைஞ்சா இன்னா? புள்ள நாக்க உள்ள மடிச்சி வெச்சினே தூங்குது. தோ பாரு சார், உனக்கு குப்பத்து வயக்கம் தெரியாது. இன்னிக்கு அஞ்சி மணிக்கு ஆத்தா கோயில்ல ஊரு கூடுது. "நான் எடுக்கல"ன்றாரு என் வூட்டுக்காரு. "உம் பொண்ணே சொல்லிச்சே"ன்றாங்க. அதனால பொண்ணையே இட்டாரச் சொல்லிக்கீறாங்க. எரியிற கற்பூரத்த உள்ளங்கையால அடிச்சி அணைச்சி, "எங்கப்பன் எடுத்தது மெய்யி"ன்னு அது சத்தியம் பண்ணணும்.

— சிறு குழந்தையையா? காட்டுமிராண்டித்தனமாக அல்லவா இருக்கிறது! வெயிலில் நிறுத்தினாலாவது ஒரு ஒழுங்கு வரும்.

— பொய் சத்தியம் பண்ணா ஆத்தா கண்ண எடுத்துக்குவா சார். எங்க பெரியப்பன் ஒரு வலைக்காவ பண்ணான். பொங்கலுக்குள்ள ரெண்டு கண்ணும் வெள்ள முயி ஆயிடுச்சி. நீ சிரிக்காத.

— சிரிக்கவில்லை. கண்புரையாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

— பொறையோ கெரையோ, எம் பொண்ணு கையி அந்த கற்பூரத்த தொடக் கூடாது. அதுக்குத்தான் உன் கால்ல வந்து வுயறேன். நான் போயி பொய்யின்னு சொன்னா, பெத்தவ அடிச்சி மாத்திட்டான்றாங்க. நீ வெள்ள சட்ட போட்டு பேனா சொருவினவரு. "நான்தாம்பா வெயில்ல நிக்க வெச்சேன், அது பயத்துல உளறிடுச்சி"ன்னு நீ சொன்னா ஊரு ஒத்துக்கும். ஆட்டோ கூட நிக்க வெச்சிக்கீறேன்.

— அம்மா, என் நிலையையும் யோசியுங்கள். இதைப் பொய் என்று நான் சொன்னால் மற்ற நட்சத்திரங்களின் கதி என்ன? அடுத்த மாதம் மன்றத்தின் ஆண்டு விழா. வடசென்னைப் பிள்ளைகளின் பாவங்களையெல்லாம் தொகுத்து மலர் போடுகிறோம். உங்கள் மகளுடையது அட்டையில் வருகிறது. வண்ணத்தில்.

— அட்டையில போட இன்னா படம் கீது?

— ஒரு படகு. இஞ்சின் இல்லாத படகு. ஓவியர் நன்றாகப் போட்டிருக்கிறார்.

— அப்போ நீ வரமாட்ட.

— வருவதற்கில்லை. பிஞ்சு உள்ளம் பொய் சொல்லாது என்பதுதான் எங்கள் மன்றத்தின் அடிப்படை.

— சரி. அப்போ அடுத்த புதன்கெயம எம் பொண்ணு எயுந்து இன்னொரு பாவம் சொல்லும்.

— மகிழ்ச்சி.

— "ரகுபதி சாரு சத்துணவு முட்டைய திருடித் துன்றாரு"ன்னு சொல்லும்.

— அந்த ஆயா சொன்னாளா?

— எந்த ஆயா?

— முட்டை வேகவைப்பவள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாளே!

— அட ஆத்தா! நான் வாய்க்கு வந்தத சொன்னேன் சார். மெய்யாலுமா துன்ற?

— புதனுக்குப் புதன் ஒன்றே ஒன்று. சில புதன் இரண்டு. உடம்பில் புரதம் போதவில்லை என்று மருத்துவர்...

— மீன் துன்றவன், மீன் புடிக்கிறவன், மீன் விக்கிறவன் மூணு பேருக்கும் நரகத்துல தனித்தனி ரூமுன்னு எம் புள்ளைக்கு சொல்லிக் குட்த்துட்டு?

— முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

— எந்தப் புள்ள தட்டுலேந்து முட்டைய எடுத்த? அதுல கருத்து வேறுபாடு கீதா?

— குரலைத் தணியுங்கள் அம்மா. நீங்கள் கற்பனையாகச் சொன்னது உண்மையாகிவிட்டது பாருங்கள். அதேபோல உங்கள் மகள் கற்பனையாகச் சொன்னதும்... உங்கள் கணவர்... எதற்கும் ஒருமுறை...

— வாய கய்வு. இஞ்சினு காணாமப் போன ராத்திரி எனக்கு வயித்துல ஆப்ரேசன். ஆஸ்பத்திரியில என் கட்டிலுக்குக் கீய துண்ட விரிச்சிப் படுத்துகினு இருந்தான் அந்த மனுசன். விடிய விடிய என் கைய வுடல. ஆஸ்பத்திரி சீட்ட காட்டினேன் ஊருக்கு. அதுல எம் பேருதான் கீதுன்னுட்டாங்க. தரையில படுத்தவன் பேர எவன் எயுதுறான்?

— பக்கத்துக் கட்டில்காரர்கள்?

— ஒருத்தி செத்துட்டா. இன்னொருத்தி ஆந்திராவுக்குப் பூட்டா. நீ பேச்ச மாத்தாத. கெளம்புறியா, இல்ல நான் எல்சி டீச்சர் ரூமுக்குப் போயி முட்டைய எண்ணச் சொல்லவா?

— வருகிறேன். குடையை எடுத்துக்கொள்கிறேன். ஊரார் முன்னால் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் ஒருமுறை...

— "புள்ள பொய் சொல்லிச்சி, சொல்ல வெச்சது நானு." அவ்ளோதான். புள்ள சொன்னது பொய்யின்றத மட்டும் அழுத்தமா சொல்லு. அது அயுதா அயுவட்டும், பரவால்ல. கற்பூரம் ஏத்தறதுக்குள்ள சொல்லணும்.

— "பொய்" என்பதற்குப் பதில் "பிறழ்ச்சி" என்று சொல்லலாமா?

— அந்த வார்த்தைக்கு எங்க ஊர்ல யாரும் மசிய மாட்டாங்க. பொய்யின்னே சொல்லு. இரு, போன் அடிக்குது. என் வூட்டுக்காருதான்... ஹலோ, இன்னா மாமா? தோ, சாரு வராரு. குட எடுத்துகினாரு. பொண்ணு எங்கூடத்தான் கீது, நாங்க வந்துனே கீறோம்... இன்னாது? முன்னாடியே கூடிட்டாங்களா? சரி, நீ வாயத் தொறக்காத... இன்னா சொன்ன? மறுக்கா சொல்லு... ஒத்துகினியா? நான்தான் எடுத்தேன்னு நீயே ஒத்துகினியா?

— என்ன அம்மா? என்ன ஆயிற்று?

— இரு சார்... அயுவாத மாமா. அயுவாத. நான் ஒண்ணும் சொல்லல. வெச்சிடு.

— ஒப்புக்கொண்டுவிட்டாரா? இரவு முழுக்க உங்கள் பக்கத்தில் படுத்திருந்தார் என்றீர்களே!

— மெதுவா பேசு. படுத்திருந்தான். எடுக்கலன்னு அவனுக்குத் தெரியாதா? அவன் எடுக்கலன்னா பொண்ணு சொன்னது பொய்யி. பொய் சொன்ன புள்ள கற்பூரத்த அடிச்சா கண்ணு பூடும். தட்டுல கற்பூரத்த வெச்சி தீப்பெட்டிய உரசினாங்களாம். "புள்ளைய கூப்டாதீங்க, நான்தான் எடுத்தேன்"னுட்டான். படகு போச்சி. வலை போச்சி. ஊரு வுட்டே தள்ளி வெச்சிட்டாங்க. இனிமே அவன் கடல்ல கால வெக்கக் கூடாது.

— நாம் இப்போது போய்ச் சொன்னால்?

— போயி இன்னான்னு சொல்றது? திருடினவனே திருடினேன்னுட்டான், வாத்தியாரு வந்து இல்லன்றாருன்னு சிரிப்பாங்க. மெய்யி எதுன்னு மறுபடி கற்பூரத்த ஏத்துவாங்க, மறுபடி புள்ளைய கூப்டுவாங்க. எங்கிட்ட அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான் சார். "பொண்ணாண்ட சொல்லிடாத மங்கை. அது சொன்னது மெய்யாவே இருந்துட்டுப் போவட்டும்"னான்.

— பெரிய மனது. அப்படியானால் நான் வரத் தேவையில்லை அல்லவா? ஆட்டோவையும் அனுப்பிவிடுங்கள். அந்த முட்டை விஷயம் நமக்குள்ளேயே...

— அம்மா! அம்மா! அப்பாவே ஒத்துகினாராம்மா? அப்பாடா! நான் பொய் சொல்லிட்டேன்னு இத்தினி நாளா பயந்துனே இருந்தேம்மா.