மூணாவது வரிசையில அப்பா

ஹலோ... ஹலோ, அக்கா! அப்பா எங்க?... ரூம்லயா? எழுந்து போய்ப் பாத்துட்டுச் சொல்லுக்கா... பாத்தியா?... இல்லதானே? எப்படி இருப்பார்? இங்க, என் கச்சேரியில, மூணாவது வரிசையில உக்காந்திருக்கார்!

ஆமா, ஆமா... திரை இடுக்கு வழியா பாத்தேன். அந்த வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன்... அவரேதான். வீட்ட விட்டு வந்ததுலேருந்து என்கூட ஒரு வார்த்தை பேசாத மனுஷன்... டிக்கெட் நீ குடுத்தியா?... சத்தியமா?... அப்ப யாரு?... அவரே வாங்கினாரா?

என்ன, அப்பா சலூன்ல இருந்தப்பவா?... ரேடியோவுல என் பாட்டு ஓடிச்சா... எது?... ஐயோ. அந்த ‘பூட்டு’ப் பாட்டா? முழுசா கேட்டாரா?... என்னது, பாதி முடி வெட்டுனதோட எழுந்து வந்துட்டாரா?... இதை இவ்வளவு நாளா என்கிட்ட மறைச்சியா? நல்லா இருக்குக்கா, ரொம்ப நல்லா இருக்கு!

கேக்குறவங்களுக்கு அந்தப் பாட்டுல வர்றது யாரோ ஒரு அப்பா. அவருக்குத் தெரியாதா? பாட்டுத் தேர்வுக்குப் போகக்கூடாதுன்னு பொண்ண உள்ள வெச்சுப் பூட்டிட்டு பஸ் டெப்போவுக்கு வேலைக்குப் போனது யாருன்னு...

சிரிக்காத. இத்தனை வருஷம் அடுத்தவங்க முதுகுக்குப் பின்னால நின்னு ‘ஊ... ஊ...’ன்னு கோரஸ் பாடினவ நான். ஹோட்டல்ல ஜாஸ் பாடினா ஒருத்தரும் தட்டுலேருந்து நிமிந்ததில்ல. அமெரிக்க சோல் பாட்டுன்னா சோகப் பாட்டாம்மான்னு கேட்டாங்க. நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, முதல் ஆல்பம்... இன்னிக்கு ஹால் நிறைஞ்சிருக்குன்னா அந்த ஒரு பாட்டாலதான்.

இல்லக்கா... ‘ச’ன்னு ஆரம்பிச்சா வெறும் காத்துதான் வருது... அவர் கத்துவார்னு பயமில்ல. கத்துனா டிரம்ஸ கொஞ்சம் பலமா அடிக்கச் சொல்லிக்கலாம். பாதிப் பாட்டுல எழுந்து போயிட்டார்னா?... ம்... ம்... அதான். அதேதான் பயம்.

சாக்ஸபோன்காரர் அந்தப் பாட்ட விட்டுடலாங்கிறார்... நீயும் அதையேதான் சொல்றியா?... யோசிக்கிறேன்... யோசிக்கிறேன்னுதானே சொல்றேன், ஏன் அதட்டுற!

இரு, யாரோ தட்டுறாங்க... யாரு?... இதோ, ரெடியாயிட்டேண்ணே... என்ன?... அப்பான்னு சொல்றாரா?...

அக்கா. வந்துட்டார். கதவுக்கு வெளிய நிக்கிறார். உள்ள விடவான்னு செக்யூரிட்டி கேக்குறார்... நீ வைக்காத. லைன்லயே இரு... வைக்காதக்கா!

விடுங்கண்ணே. எங்க அப்பாதான்.

வாங்கப்பா... உக்காருங்க... சரி, நின்னுக்கிட்டே பேசுங்க... ஆமா. அது நீங்கதான். அந்தப் பாட்டுல ஒரு வார்த்தகூட பொய்யில்லப்பா...

என்ன பொய்?... ‘பூட்டிட்டு வேலைக்குப் போனார்’... ஆமா, அப்படித்தான் எழுதியிருக்கேன்... போகலையா? அப்ப எங்க இருந்தீங்க?... படிக்கட்டுலயா? நம்ம வீட்டு வாசப் படிக்கட்டுலயா?... சாயங்காலம் வரைக்குமா?...

நான் உள்ள பாடிக்கிட்டே இருந்தேனே... கேட்டுச்சா?... எல்லாமே கேட்டுச்சா?...

அப்ப ஏம்ப்பா திறக்கல?... பயமா? உங்களுக்கா?... இவ்வளவு நல்லா பாடுறவ போனா திரும்பி வரமாட்டான்னா...

அப்பா... அழாதீங்க. அப்பா, இங்க பாருங்க... புரியுது. எனக்குப் புரியுது. ஆனா பூட்டுனது பூட்டுனதுதாம்ப்பா. அந்த ஒரு வரிய வேணா மாத்துறேன். வேலைக்குப் போகல, வாசல்ல உக்காந்திருந்தார்னு பாடுறேன். பாட்ட விட மாட்டேன்... இன்னிக்கே பாடுவேன். உங்க முன்னாடிதான்... ம்... பரவாயில்லையா?...

ஏன் கதவோரமா நின்னு கேக்கணும்? வேண்டாம்... யார் பாத்தா என்னப்பா?... அதே சீட்ல உக்காருங்க. பாடும்போது நீங்க எனக்குத் தெரியணும்.

அக்கா... இருக்கியா?... கேட்டுச்சா எல்லாம்?... நீ ஏன் இப்ப அழற? ஆளாளுக்கு அழுதா நான் எப்படிப் பாடுறது?... இல்ல, பயம் எங்க போச்சு, அப்படியேதான் இருக்கு... ஆமா, சரி, சரி... மைக்குல என் பேரச் சொல்றாங்க. வைக்கிறேன், வைக்கிறேன்...

அப்பா, ஹாலுக்குப் போற பக்கம் ஒரே இருட்டு. என் கையப் புடிச்சுக்கங்க.