வெயில் படாத களம்

காரவள்ளியிலிருந்து மலையேறி வந்த பஸ், ஒரு ஊருக்கு வெளியே நின்றுவிட்டது. ரோட்டில் பாதி அகலத்துக்கு மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா அதை விளக்குமாறால் அவசரமாக ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார். கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தியதும், அந்த அம்மா சொன்ன பதிலும் என் ஜன்னலுக்கு நன்றாகவே கேட்டன.

“ஏனுங்கக்கா, பஸ் போற ரோட்டுலயா காயப் போடுவீங்க? கவர்மெண்டு உங்களுக்குக் களம் கட்டிக் குடுத்திருக்குதில்லீங்களா?”

“களம் இருக்குது கண்ணு. அங்க வெயில்தான் இல்ல.”

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா நிமிர்ந்தார்.

“சிரிக்காதீங்க. எடம் பாக்க வந்த ஆபீசருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. பெரிய பலா மரம், நல்ல நெழல், இங்கயே கட்டுங்கன்னுட்டு ஜீப் ஏறிட்டாரு.”

“நீங்க சொல்லலீங்களா?”

“தொண்டை வத்தச் சொன்னேன். பிளான் போட்டாச்சு, மாத்த முடியாதுன்னாங்க. சரி, மரத்துல கிளையவாச்சும் வெட்டி உடுங்கன்னேன். அதுக்கு வேற ஆபீசாம். போன வருசம் அந்தக் களத்துலதான் காயப் போட்டேன். அத்தனையும் பூசணம். யாவாரி மோந்து பாத்துட்டு மூட்டையத் தள்ளி வெச்சுட்டான்.”

“அப்பக் களம் சும்மாத்தான் கெடக்குதுங்களா?”

“சும்மா எங்க கெடக்குது? மாசாமாசம் ஆபீசருங்க வந்து, அந்த நெழல்ல சேர் போட்டு உக்காந்து, எங்களுக்குப் பாடம் நடத்தறாங்க.”

விளக்குமாறை ரோட்டில் ஓங்கி அடித்தார்.

“மிளகை நல்ல வெயில்ல காய வெக்கோணுமாம்!”