எங்கள் வீட்டு ராணிக்கு நான் கொடுத்த பைத்தியம்

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நாங்கள் சொஜ்ஜி, பஜ்ஜியில் குறை வைத்ததே இல்லை. என் தங்கை பிரபாவதியின் கைப்பக்குவம் அப்படி. திருத்தணியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

தட்டு காலியானதும் நான் எங்கள் ராணி கதையை எடுப்பேன். 1874இல் எங்கள் வீட்டுப் பெண் ஹேமாவதியை ஒரு ஜமீன் ராஜா மூன்றாந்தாரமாகக் கட்டினார். மூத்தவர்கள் இருவருக்கும் பிள்ளையில்லை. எங்கள் வீட்டிலோ கரையேற்ற ஐந்து பெண்கள். திருத்தணி மலைக்கோயிலில் கல்யாணம். யானை படியேற மாட்டேன் என்று நின்றுவிட, ராஜா தொப்பையைத் தூக்கிக்கொண்டு முந்நூற்று அறுபத்தைந்து படியும் நடந்தார். தாலி கட்டுமுன் உட்கார்ந்து மூச்சு வாங்கினாராம். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அப்புறம் அடுப்படிக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்துவேன். "மூணாம் மாசமே ராணிக்குப் புத்தி பேதலிச்சிடுச்சிங்க. தலைமுறைக்கு ஒரு பொண்ணுக்கு வருது. மறைச்சுக் கட்டிக் குடுக்க எனக்கு மனசு வரலிங்க."

அடடா, எவ்வளவு வேகமாகச் செருப்பு மாட்டுகிறார்கள். பதினோரு வரன்கள் அப்படிப் போயின.

பன்னிரண்டாவதாக வந்தவர் ஆர்.கே.பேட்டை வெங்கடேசன், பள்ளிக்கூட வாத்தியார். எல்லாம் கேட்டுவிட்டு, "இருக்கட்டுங்க, வந்தா வைத்தியம் பாத்துக்கலாம்" என்றார். ஜாதகம் பார்த்துச் சொல்கிறேன் என்று நான் இழுத்தேன். பிரபாவதியோ எதுவும் காதில் விழாமல், கதவோரம் நின்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். இவளும் போய்விட்டால் எனக்குச் சோறு வடிப்பது யார், நெல்வயலைப் பார்ப்பது யார்?

மறுநாள் அதே கதையை முதல்முறையாக அவளிடமே சொன்னேன். "பூட்டின கதவ ரெண்டு தடவ போய்ப் பாத்துகினு இருந்தியே, அப்பவே எனக்கு டவுட்டும்மா" என்றேன். வெங்கடேசனுக்கு அவளே போன் போட்டாள். "வாணாங்க. உங்க வாழ்க்கையக் கெடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ராணி ஹேமாவதி ஆறு பிள்ளை பெற்று, எழுபத்தெட்டு வயதுவரை அரண்மனையையே அதட்டி வைத்திருந்தவள். அவளுக்குப் பைத்தியம் கொடுத்தவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் பிரபாவதி தினமும் காலையில் என் எதிரே வந்து நிற்கிறாள். "அண்ணா, இன்னிக்கு நான் சரியா கீறனா?"

"ஆங், இன்னிக்குப் பரவால்லம்மா" என்பேன்.

இந்த நிலையில் இருப்பவளை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப முடியுமா, நீங்களே சொல்லுங்கள். நான் ஒருத்தன் இருக்கப்போய் அவள் பிழைத்தாள்.