ராமிரெஸ் பாறைகளுக்குத் தெற்கே

மாலை ஐந்து மணி. ஜூன் மாதம். நம் பக்கத்தில் ஜூன் என்றால் நடுக் குளிர்காலம், ஐந்து மணிக்கே நடுநிசி இருட்டுதான். பாதையில் ஒரு விளக்கு கிடையாது, ஒரு வீடு கிடையாது... பாதை என்று நான் சொல்வது கடலைத்தான். கண்டத்தின் தென்கோடியில் ஹார்ன் முனையைத் தாண்டி மேற்கே, தியேகோ ராமிரெஸ் பாறைகளுக்குத் தெற்கே. காற்று விட்டுக்கொடுத்தால் நாளை விடிந்ததும் நாம் தூண்டில் போடப் போகிற அதே இடம்.

ஹெக்டோர், அந்தப் படகறைக் கதவை இழுத்துச் சாத்து. மாத்தே இலைக் கஷாயக் கெட்டில் அடுப்பிலேயே இருக்கட்டும். இன்னும் ஒரு சுற்று குடிக்க வேண்டியிருக்கும்.

இது எனக்கு நடந்தது இல்லை. நம் ஊர் கெம்ச்சியில் என்னோடு படகு கட்டிய ஒசோரியோவின் அம்மா இருக்கிறாரே, அவருடைய சித்தப்பாவுக்கு நடந்தது. பெயர் பெலார்மீனோ. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. தம்பி நிக்கனோருக்குப் பத்தொன்பது. இரண்டு பேரும் ‘ரெபெக்கா’ என்ற பாய்க்கப்பலில் மாலுமிகள். வயிறு நிறைய நிலக்கரி ஏற்றிக்கொண்டு, அட்லாண்டிக் பக்கமிருந்து மேற்குக் கரையில் இருக்கிற இகீக்கே துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

கிழக்கிலிருந்து மேற்கே. அதுதான் வினை. அங்கே காற்று எப்போதும் மேற்கிலிருந்துதான் அடிக்கும். உலகத்தையே சுற்றி வருகிற காற்று, நடுவில் தடுக்க ஒரு குன்றுகூட இல்லை. ஆழத்தில் மலை மாதிரி வருகிற அலை, முனைக்குப் பக்கத்தில் கடலடித் தரை உயர்ந்ததும் நிமிர்ந்து நின்று உடையும். பத்து நாள் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து முன்னேறிய தூரத்தை, காற்று ஒரே நாளில் பின்னால் தள்ளிவிடும். திரும்பவும் முதலிலிருந்து. சில கப்பல்கள் இரண்டு மாதம் அப்படி அல்லாடியிருக்கின்றன.

அன்றைக்குச் சுக்கான் பிடித்திருந்தவர் பெலார்மீனோ. புயல் நேரத்தில் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். சுக்கான் சக்கரத்தின் மறுபக்கம் ஆக்செலி என்ற பின்லாந்துக்காரன். அண்ணன் தம்பியை ஒரே நேரத்து முறைவேலையில் போடுவது கப்பலில் வழக்கமில்லை. பெலார்மீனோதான் கேப்டன் லுண்ட் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வாங்கியிருந்தார். அம்மா, "சின்னவனைக் கண் பார்வையிலேயே வெச்சுக்கோடா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பாவம், இவரும் அப்படியே வைத்துக்கொண்டார்.

மேலே நடுப்பாய்மரத்தில் நிக்கனோரையும் சேர்த்து எட்டுப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பாய் உறைந்து தகரம் மாதிரி விறைத்திருந்தது. அதை முஷ்டியால் குத்திக் குத்தி மடிக்க வேண்டும். டொக்... டொக்... டொக். அந்தச் சத்தம் சுக்கான் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. ராமிரெஸ் பாறைகளிலிருந்து பறவை எச்சத்தின் நாற்றம் வந்தது. மூக்கை எரிக்கிற நாற்றம். அப்புறம் குத்துகிற சத்தம் ஒரு நொடி நின்றது.

அலறல் எதுவும் இல்லை. விழுகிற சத்தமும் இல்லை. இடப்பக்கம், தண்ணீரிலிருந்து...

"அண்ணே."

விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் பூசிய ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. வெள்ளை நுரை நடுவே ஒரு கை. பெலார்மீனோவின் கை தானாகவே சக்கரத்தை இழுக்கப் போனது. அதன் மேல் கேப்டனுடைய கை வந்து அழுத்தியது.

"நேரா பாரு," என்றார் லுண்ட்.

"என் தம்பிங்க."

"தெரியும். திருப்பினா அலை பக்கவாட்டுல அடிக்கும். பாய்மரம் மூணும் போயிடும். உள்ள முப்பது பேரு இருக்காங்க. நேரா பாரு."

"தலைவரே, படகு இறக்கியிருக்கலாமே?"

ஹெக்டோர், நீ இதைக் கேட்பாய் என்று தெரியும். நீ மோட்டாரோடு பிறந்தவன். அந்தக் கடலில் படகு இறக்கினால் ஒருவனுக்குப் பதில் ஏழு பேர் போவார்கள். ஹார்ன் முனையில் மேற்கே போகும்போது விழுந்தவனுக்காகக் கப்பல் திரும்பாது. கையெழுத்துப் போடும்போதே எல்லோருக்கும் தெரியும். நிக்கனோருக்கும் தெரியும்.

ஆனாலும் கூப்பிட்டான். நீச்சல் தெரியாது, நம் ஆட்களில் அப்போது யாருக்குத் தெரியும்? கோட்டுக்குள் இருந்த காற்று அவனை மிதக்க வைத்திருந்தது. அது நல்லதா கெட்டதா, நீங்களே சொல்லுங்கள். "அண்ணே... அண்ணே..." குரல் பக்கவாட்டிலிருந்து பின்னால் போனது. இன்னும் பின்னால். பெலார்மீனோ நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. ஒரு பதில்கூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கையும் திரும்பிவிடும் என்று பயம்.

பிறகு காற்று மட்டும்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்ல மாட்டேன். கடலில் தம்பியைப் பறிகொடுக்காத வீடு நம் ஊரில் எது?

மூன்றாம் நாள் பெரும்புயல். ரெபெக்காவை முனைக்குக் கிழக்கே கொண்டுபோய்த் தள்ளியது. திரும்பவும் வளைந்து வளைந்து மேற்கே. பதினோராம் நாள் மாலை, இருட்டு. சுக்கானில் அதே இரண்டு பேர். முதலில் பறவை எச்சத்தின் நாற்றம் வந்தது. பாயில் அன்றைக்கு யாரும் இல்லை. ஆனால் மேலே... டொக். டொக். டொக். நின்றது.

"அண்ணே."

இடப்பக்கம். அதே தூரம். களைப்பே இல்லாத குரல். இப்போதுதான் விழுந்தவன் மாதிரி.

ஆக்செலி சக்கரத்தை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டான். சக்கரம் துள்ளியது. பெலார்மீனோ நெஞ்சைக் கொடுத்து நிறுத்தினார். இரண்டு விலா எலும்பு முறிந்தது. வலி தெரியவில்லை என்று பின்னால் சொல்வாராம். திருப்பு, திருப்பு என்று உள்ளுக்குள் ஒன்று கத்தியது. முப்பது பேர் கீழே படுத்திருந்தார்கள். நேராகப் பார்த்தார்.

குரல் ஓய்ந்ததும் கேப்டன் பக்கத்தில் வந்து நின்றார்.

"கேட்டுதா?"

"இல்லீங்க."

"எனக்குக் கேட்டுது." தாடியிலிருந்து பனிக்கட்டியைப் பிய்த்துப் போட்டார். "இனிமே இந்த இடம் வந்தா நீதான் சுக்கான் பிடிக்கணும். சொந்தத் தம்பிக்கே திரும்பாத கை. வேற எவன் கூப்பிட்டாலும் திரும்பாது."

கேப்டன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். பெலார்மீனோ மேல் அது சாகிறவரை சுமையாக உட்கார்ந்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ரெபெக்கா அந்த இடத்தை இன்னும் இரண்டு தடவை கடந்தது. இரண்டு தடவையும் அவர்தான். ஒருவழியாக இகீக்கேவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆக்செலி துறைமுகத்தில் இறங்கினவன் பிறகு எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. கேப்டன்மார்களுக்குள் செய்தி பரவியது. ஹார்ன் முனைக்குப் போகிற கப்பலா? கெம்ச்சிக்காரன் பெலார்மீனோவைப் பிடி. புயலில் கல் மாதிரி நிற்பான்.

அவரும் போனார். கெம்ச்சிக்கு ஒரே ஒரு தடவைதான் திரும்பினார். அம்மா உருளைக்கிழங்கு ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மறுநாளே கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் பதினேழு பயணம். "ஏன் சித்தப்பா, அந்தப் பக்கமே போகாம இருக்கலாமே?" என்று ஒசோரியோவின் அம்மா ஒரு நாள் அவரைத் துறைமுகத்தில் பார்த்தபோது கேட்டிருக்கிறார். "அவன் குரல வேற எங்க போய்க் கேப்பேன்?" என்றாராம்.

ஒவ்வொரு தடவையும் நாற்றம். டொக், டொக், டொக். அப்புறம், அண்ணே. ஒரு தடவைகூட அவர் பதில் சொன்னதில்லை.

கடைசிப் பயணம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது. பாய்க்கப்பல்களே அருகிப்போன காலம். கண்டத்தின் நடுவே குறுக்குக் கால்வாய் வெட்டிப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, நீராவிக் கப்பல்களெல்லாம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தன. பெலார்மீனோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தலையும் தாடியும் முழு நரை. உப்பும் பனியும் தின்ற முகம், எழுபது என்று சொல்லலாம். மாலை ஐந்து மணி. புயல் இல்லை அன்றைக்கு. அபூர்வமாகக் காற்று தணிந்து, கப்பல் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. விளக்கு அவர் முகத்தில் நேராக விழுந்தது.

நாற்றம் வந்தது. சத்தம் வந்தது. நின்றது.

அவர் காத்திருந்தார். குரல் வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை... இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தலையைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில், அசையாத தண்ணீரில், மஞ்சள் கோட்டு. பத்தொன்பது வயது முகம், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அது அவரையே உற்றுப் பார்த்தது. அவரை அடையாளம் தெரிந்த சாயல் எதுவும் கண்ணில் இல்லை.

"பெரியவரே," என்றது. பெரியவர்களிடம் பேசுகிற பணிவோடு. "உங்க கப்பல்ல பெலார்மீனோன்னு ஒருத்தர் இருக்காரா? சுக்கான் பிடிக்கிறவரு. என் அண்ணன். என்னைத் தேடிக்கிட்டு இருப்பாரு."

கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது. முகம் மெல்லப் பின்னால் போனது. அன்றைக்குத் திருப்பியிருக்கலாம், யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் அந்த நரைத்த முகத்தைக் காட்டி, நான்தான்டா அது என்று எப்படிச் சொல்வது?

"இல்லப்பா," என்றார் பெலார்மீனோ.

"சரிங்க பெரியவரே. அடுத்து வர்ற கப்பல்ல கேட்டுக்கிறேன்."