பனியன் துணியில் எழுதிய கடிதம்

இரவு ஒன்றே கால். நெருப்பெரிச்சல் என்கிற ஊருக்கு வடக்கே, குடோன்கள் முடிந்து தென்னந்தோப்பு தொடங்குகிற இடம். மண் ரோடு. தெருவிளக்கு கிடையாது. விடிந்தால் தீபாவளி என்பதால் ஊருக்குள் எங்கோ ஒரு வெடி... அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ரோட்டில் ஒரு மனிதர் தனியாக நடந்து போனார். ஒரு கையில் மண்வெட்டி. கக்கத்தில், சுருட்டிய வெள்ளைத் துணி.

கரண்ட் வருகிற வரைக்கும் சொல்கிறேன். அந்த செல்போன் லைட்டை அணையுங்கள். கீழேயிருந்து முகத்தில் அடிக்கிறது... பார்க்க நன்றாக இல்லை.

நடந்து போனவர் மகுடேஸ்வரன். முன்பு என்னோடு வேலை பார்த்த தங்கதுரையின் தாய்மாமன். குழந்தைகளுக்கான உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனி வைத்திருந்தார். அந்தச் சமயம் தங்கதுரை மாமனிடம்தான் இருந்தான். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் வந்தால் இங்கிலீஷில் பேசுவது அவன்.

மாமாவின் மனைவி சித்ராதேவி. அந்த அத்தைக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று. மாடி அறையில் ஒரு இரும்புக் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். ஏதாவது வேண்டுமென்றால் மோதிரத்தைக் கட்டில் கம்பியில் தட்டுவார். டிங்... டிங்... டிங். மூன்று தட்டினால் தண்ணீர். அப்படி ஒரு பழக்கம் அந்த வீட்டில்.

எட்டு மாதம் கிடந்தார். ஒரே மகள் சுபஸ்ரீ கோயமுத்தூரில் ஹாஸ்டலில் படித்தாள். பார்த்துக்கொள்ள பெரியாத்தாள் என்று ஒரு அம்மா கூடவே தங்கியிருந்தது. ஒரு வியாழக்கிழமை மாமா அந்த அம்மாவிடம், "நீங்க நாலு நாள் ஊட்டுக்குப் போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். திங்கட்கிழமை அந்த அம்மா திரும்பி வந்தபோது அத்தை இறந்து போயிருந்தார். மாமா கீழே உட்கார்ந்து ஷிப்மெண்ட் விஷயமாகப் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"நிம்மதியாப் போயிட்டா" என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். எட்டு மாதம் படுக்கையில் கிடந்த பெண். யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அவர்களுடைய தென்னந்தோப்பிலேயே அடக்கம் செய்தார்கள்.

பெரியாத்தாள் மட்டும் தங்கதுரையைத் தனியாகக் கூப்பிட்டது. "சாமி... உதடு ரெண்டும் வெடிச்சுக் கெடந்துச்சுங்க. நாக்கு கட்டையாட்ட இருந்துச்சு. நான் போறப்ப வச்ச தண்ணிச் சொம்பு, அப்படியே ஜன்னல்ல நெறஞ்சே இருந்துச்சுங்க. மேல தூசி படிஞ்சு."

தங்கதுரை அதைக் கேட்டுக்கொண்டான். வேறொன்றும் செய்யவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று ராத்திரி மாடியில் சத்தம் கேட்டது. டிங்... டிங்... டிங்.

மாமா போய்ப் பார்த்தார். காலிக் கட்டில். மறுநாளும் கேட்டது. கட்டிலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அதற்கப்புறமும் கேட்டது. அவர் தண்ணீர் குடிக்கச் சொம்பைத் தூக்கினால் போதும்... மேலே தட்டும். வீட்டில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். கம்பெனிக்கு வந்து நின்றபடியே ஒரு ஜக்கைக் காலி செய்வார். தண்ணீர் சட்டையெல்லாம் வழியும்.

புரட்டாசியில் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு பையர் வந்தார். எகிப்துக்காரர். வயதானவர், மரியாதையானவர். போகும்போது மாமாவுக்குச் சட்டம் போட்ட ஒரு படம் கொடுத்தார். பாப்பிரஸ். நாணலைப் பிளந்து, அடுக்கி, நசுக்கிச் செய்கிற தாள். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓர் எழுத்தின் நகலாம் அது. பறவையும் பாம்பும் கோடுமாக இருந்தது. மாமா மரியாதைக்காகத்தான் கேட்டார்.

"என்ன எழுதியிருக்குதுன்னு கேளு மாப்ளே."

தங்கதுரை கேட்டுச் சொன்னான். ஒரு படகுக்காரன் செத்துப்போன தன் பெண்சாதிக்கு எழுதிய கடிதம். அவள் அவனைத் தூங்க விடவில்லை. நான் உனக்கு என்ன குறை வைத்தேன், எதற்காக என்னை இப்படிச் செய்கிறாய் என்று கேட்கிறான். உனக்கு வைத்தியம் பார்த்தேன், உன்னைச் சுற்ற நல்ல துணி கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். இதை உன் சமாதியில் வைக்கிறேன், அங்கேயிருக்கிற தெய்வங்கள் நம் இரண்டு பேரையும் விசாரிக்கட்டும் என்று முடிக்கிறான்.

மாமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். தாள் கிடைக்காதவர்கள் துணியில் எழுதினார்கள், மண் கிண்ணத்தில் எழுதினார்கள்" என்றார் பையர்.

"எழுதி வச்சா நின்னு போயிருமான்னு கேளு."

தங்கதுரை கேட்டான். அந்த மனிதர் சிரிக்கவில்லை. மாமாவின் ஈரச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அது மனு. கொடுத்தால் விசாரணை நடக்கும். எழுதியதெல்லாம் உண்மையாக இருந்தால் பயமில்லை" என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது தங்கதுரை மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

தீபாவளிக்குக் கம்பெனிக்கு லீவு விட்டார்கள். தைக்கிறவர்கள், பேக்கிங் ஆட்கள், வடக்கத்திப் பையன்கள், எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள். தங்கதுரை மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். கட்டிங் டேபிளில் மாமா குனிந்து நின்றிருந்தார். வெள்ளைப் பனியன் துணியில் ஒரு கஜம் வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி இழுத்துப் பிடித்து, மார்க்கர் பேனாவில் எழுதிக்கொண்டிருந்தார்.

"நானும் வரட்டுங்களா மாமா?"

"வேண்டாம் மாப்ளே. இது எனக்கும் அவளுக்கும். நீ கெளம்பு."

அவ்வளவுதான் அவன் கேட்டது. அவர் கடைசியாகப் பேசியதும் அதுதான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி தோப்புக்குப் போனவர் திரும்பவில்லை. சனிக்கிழமை தீபாவளி. அம்மா இறந்த வருஷம் பண்டிகை இல்லையென்று சுபஸ்ரீ ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டாள். போன் அடித்தாள், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் அணைத்திருப்பதாகச் சொன்னது. அப்பா கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். திங்கட்கிழமை ராத்திரிதான் தங்கதுரைக்குப் போன் செய்தாள். அவன் செவ்வாய்க்கிழமை விடியக்காலை தோப்புக்குப் போனான்.

முதலில் வாடைதான் வந்தது என்றான். தோப்பு வாடை இல்லை. பவுடரும் மூத்திரமும் கலந்த வாடை. மாடி அறையில் எட்டு மாதம் இருந்த அதே வாடை.

மாமா அத்தையைப் புதைத்த மேட்டுக்குப் பக்கத்தில் கிடந்தார். உயிர் இருந்தது. வலது பக்கம் முழுக்கப் போயிருந்தது. வாய் கோணியிருந்தது. கண் மட்டும் உருண்டது.

அவர் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, தென்னைக்குப் போகிற சொட்டு நீர்க் குழாய். மோட்டார் தானாகக் காலையும் மாலையும் ஓடும். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... சொட். மூன்று பகல், நாலு ராத்திரி அவர் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். குழாய் இருந்த பக்கத்துக் கன்னம் மண்ணில் தேய்ந்து, தோல் உரிந்து, எறும்பு ஏறியிருந்தது. அவ்வளவு முயற்சி செய்தும் முகம் ஒரு விரல்கடை கூட நகரவில்லை.

மேட்டில் மண்வெட்டி போட்ட தடம் இருந்தது. ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி, மூடி, மிதித்துக் கெட்டிப்படுத்திய தடம். மண் அப்படியே இருந்தது, மறுபடி யாரும் தோண்டவில்லை. ஆனால் அவர் புதைத்த துணி மேலே கிடந்தது. மடிப்பில்லாமல், இஸ்திரி போட்ட மாதிரி விரிந்து.

தங்கதுரை படித்தான். எட்டு மாதம் வைத்தியம் பார்த்தேன். இருந்தது. பெரிய டாக்டரைக் கூட்டி வந்தேன். இருந்தது. பட்டுச் சேலை உடுத்தி அனுப்பினேன். இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி மட்டும் இல்லை. கிழியவில்லை, வெட்டவில்லை. அந்த இரண்டு வரியின் அகலத்துக்குத் துணி பிரிந்து போயிருந்தது. சுற்றிலும் பின்னல் அப்படியே. நடுவில் ஓட்டை. நீங்களெல்லாம் நிட்டிங்கில் இருக்கிறவர்கள். பனியன் துணி நடுவில் மட்டும் அப்படிப் பிரியுமா?

மாமா மூச்சு விட முடியாமல் கரகரத்தார். தங்கதுரை அவர் வாயைத் திறந்து விரல் விட்டான். நூல் வந்தது. இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. நாக்குக்கு அடியிலிருந்து, தொண்டையிலிருந்து... புள்ளி புள்ளியாகக் கருப்பு மை பிடித்த வெள்ளை நூல். கடைசி முழத்தில் ரத்தம் இருந்தது. ஒரு சொட்டு எச்சில் கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம். பிழைத்துவிட்டார். பேச்சு வராது, எழுந்திருக்க முடியாது, ஆனால் பல வருஷம் இருப்பார் என்றார்கள். சுபஸ்ரீ படிப்பை நிறுத்திவிட்டு வந்துவிட்டாள். அப்பாவை மாடி அறையில் வேறு கட்டில் வாங்கிப் போட்டாள்.

தை மாதம் தங்கதுரை பார்க்கப் போனான். பகல் பதினொரு மணி. நல்ல வெயில். அறை சுத்தமாக இருந்தது, விரிப்பு சலவை செய்திருந்தது. சுபஸ்ரீ தலை வாரி, பொட்டு வைத்து, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மாமா பாதியாகியிருந்தார். உதடு வெடித்திருந்தது. கண் ஜன்னலைப் பார்த்தது. ஜன்னலில் ஒரு டம்ளர் தண்ணீர்.

தங்கதுரைக்கு மனசு கேட்கவில்லை. எழுந்துபோய் டம்ளரை எடுத்தான்.

"வேண்டாமுங்க மச்சான்" என்றாள் சுபஸ்ரீ. சாதாரணமாகத்தான் சொன்னாள். "இன்னைக்கு ரெண்டு ஸ்பூன்தானுங்க. குடுத்துட்டனுங்க."

"யாரு கண்ணு சொன்னது? டாக்டருங்களா?"

"அம்மா."

டம்ளர் அவன் கையிலேயே இருந்தது.

"தெனமும் காலையில சொல்லீருவாங்க, எத்தனை ஸ்பூனுன்னு. நேத்து ஒண்ணுமே வேண்டாம்னுட்டாங்க. சாகற அளவுக்கு உட்றாதேன்னும் சொல்லியிருக்காங்க. அப்பா ரொம்ப நாளைக்கு வேணுமாம்."

கட்டிலில் மாமாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சுபஸ்ரீ அந்தப் பக்கம் திரும்பவில்லை. தலையை இடது பக்கமாகச் சாய்த்து, யாரோ காதுக்குள் பேசுவதைக் கேட்கிற மாதிரி, "ம்... ம்..." என்றாள். அப்புறம் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மச்சான்... அம்மா உங்களையும் கேக்கறாங்க. அந்த சனிக்கெழமை மாடிக்கு வந்து கதவுகிட்ட நின்னுட்டு, ஏனுங்க திரும்பிப் போயிட்டீங்க?"

தங்கதுரை டம்ளரை ஜன்னலிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டான்.

அவன் போனது நிஜம். பெரியாத்தாள் ஊருக்குப் போயிருந்த அந்த நாலு நாளில், சனிக்கிழமை, ஏதோ சாம்பிள் எடுக்க மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான். மேலே தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. மூன்று மூன்றாக. ஏறிப் போனான். கதவு பாதி திறந்திருந்தது. வாடை அடித்தது. மாமா வந்து பார்த்துக்கொள்வார் என்று, செருப்புச் சத்தம் கூடக் கேட்காமல் இறங்கிவிட்டான். அதை என்னிடம் சொல்லும் வரைக்கும் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, பெண்சாதியிடம் கூட.

அந்த நேரம் வீட்டில் வேறு யாரும் கிடையாது. மாமா கம்பெனியில். சுபஸ்ரீ கோயமுத்தூரில். அத்தை கட்டிலில்... முகம் சுவரைப் பார்த்தபடி.