நிழலில் வளர்ந்த இலை

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் சூடாக இருக்கிறது, நன்றி ஐயா. என் மனைவியின் அக்காவைக் காணோம் என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்ததால்தானே கூப்பிட்டீர்கள்? மறைக்க ஒன்றுமில்லை. முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மழைக்காட்டு மரக்கன்றுகள் வெளிச்சத்தை எப்படி உணவாக்குகின்றன என்று அளப்பவன் நான். இலையைக் கருவியின் கவ்வியில் பொருத்துவேன், கறுப்புத் துணியால் மூடுவேன், பிறகு விளக்கைப் போட்டுப் பார்ப்பேன். பெரிய மரங்களுக்குக் கீழே கன்றுக்குக் கிடைப்பதெல்லாம் எச்சில் வெளிச்சம். மேலே கிளை அசைந்தால் ஒரு துண்டு வெயில் விழும். அதையும் உடனே வாங்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி இலை சோம்பல் முறிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும்; முறிப்பதற்குள் வெயில் நகர்ந்துவிடும். பார்க்கப் பாவமாக இருக்கும். பக்கத்துப் பெரிய மரம் விழுந்தால்தான் அதற்கு விடிவு.

என் மனைவியும் அப்படித்தான் இருந்தாள். அவளை வளர்த்தவள் அக்கா. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் கூடவே இருந்தாள். நான் மனைவியிடம் எதைக் கேட்டாலும் அக்காதான் முந்திக்கொள்வாள். "ஏன் தம்பி அவளப் போட்டுத் துருவித் துருவிக் கேக்குறீங்க? வேலைக்குப் போறேங்குறா, போகட்டுமே." சமையலறையில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் உள்ளே போனதும் என் மனைவி சட்டென்று வாயை மூடிக்கொள்வாள். அக்காவிடம் அவளுக்கு அவ்வளவு பயம். எனக்கு வயிறு எரியும்.

அக்கா குளிக்கப் போகும் நேரம்தான் எனக்குக் கிடைத்த துண்டு வெயில். மனைவியிடம் மெல்லப் பேச்சுக் கொடுப்பேன். அவள் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டு, "அக்கா வரட்டுங்க" என்பாள். அதற்குள் உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடும்.

அன்று மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். என் மனைவியின் துணிகளும் அதில் இருந்தன. "கொஞ்ச நாள் இவள எங்கூடக் கூட்டிட்டுப் போறேன் தம்பி" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தோடு வெட்டினால் வெட்டு கோணலாகப் போகும். காட்டில் புதர் கழிக்கிற கோடரி வண்டியில் இருந்தது, எடுத்து வந்தேன். முதல் வெட்டு தோளில் இறங்கியது. எலும்பு இவ்வளவு ஈரமாகச் சத்தம் போடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அக்கா என்னைத் தடுக்கவில்லை, ஐயா. திரும்பித் தங்கையை மறைத்துக்கொண்டு நின்றாள். கடைசி வரை நிழல்தான். அடுத்ததைக் கழுத்தில் போட்டேன். விழுந்த பிறகும் தங்கையின் மணிக்கட்டை விடவில்லை, விரல்களைத் தனியாக எடுக்க வேண்டியதாயிற்று. "இனிமே நீ தாராளமாப் பேசலாம்மா" என்றேன்.

அவள் பேசவில்லை. தொண்டை கிழிய அலறினாள், பிறகு அதுவும் நின்றது. அங்கேதான் என் தப்பு. நிழலில் வளர்ந்த இலைமேல் திடீரென்று முழு வெயில் பட்டால் வெளுத்துக் கருகிப்போகும். தினமும் கண்ணால் பார்க்கிறவன், அவசரப்பட்டுவிட்டேன். அக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்க வேண்டும்.

அதனால்தான் மனைவியைப் பின்னறையில் வைத்து, ஜன்னலில் கறுப்புத் துணி அடித்துப் பூட்டினேன். தினமும் போய் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடிப்பேன். சாப்பாடு வைத்தது வைத்தபடி இருக்கிறது, தண்ணீரையும் தொடவில்லை. ஆனால் தேறி வருகிறாள்.

அக்காவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்து வேலியோரம் புதைத்திருக்கிறேன். பின்னறைச் சாவி இதோ. கதவைப் பார்த்துத் திறக்கச் சொல்லுங்கள், பாதியில் கெடுத்துவிடக் கூடாது. முதலில் விளக்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நேற்றிலிருந்து இமைகூடக் கொட்டாமல் வெளிச்சத்தையே பார்க்கிறாள்.