பத்தொன்பதாவது ஆள்

ஊர் மன்றத்தின் தலைவி குத்ஃபின்னா அவர்களே! ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! காலை முதல் க்ளெய்னா பலகாரம் பொரித்து, அந்த வாசனையாலேயே எங்கள் கோபத்தில் பாதியைத் தணித்துவிட்ட தாய்மார்களே! காற்றுக்கும் கலங்காத, கடுங்குளிருக்கும் குனியாத கிரிம்ஸ்தால் பள்ளத்தாக்கின் மக்களே! மலையரசன் ஸ்டெய்ன்வோரின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகட்டும்.

ஆம், மலையரசன்தான். செப்டம்பர் மாதம் மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது பொம்பளையாக இருந்தாலும், இந்த ஐஸ்லாந்தில் பட்டம் ஒன்றுதான். அந்தப் பட்டத்தைப் பற்றியும் இன்று ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.

நம் ஹாவர்துர் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். வரும் கோடையிலிருந்து பள்ளத்தாக்கின் வாயில் இரும்புக் கதவு. கதவுக்குப் பூட்டு. சாவி நமக்கு மட்டும். ஊர் சுற்ற வருகிற வெளியாள் ஒருவரும் உள்ளே வரக்கூடாது. அவர் கோபத்தில் நியாயம் இல்லையா? இருக்கிறது. ஆற்றுக்குள் காரை இறக்கிவிட்டு அதன் கூரைமேல் ஏறி நின்றவரை மீட்கப் போனது யார்? வைக்கோல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிய அவருடைய மகன்கள். போன வருடம் சவ அடக்கத்தின்போது தேவாலயத்துக்குள் கேமராவோடு நுழைந்தார்களே, அழுதுகொண்டிருந்தது யார்? அவருடைய தங்கை. அந்தக் குடும்பம் பட்டது கொஞ்சமல்ல. அவர் நிலையில் நான் இருந்திருந்தால் கதவு என்ன, மதிலே கட்டியிருப்பேன்.

பின்னால யாரு, பால்மியா? "அப்படி என்னதான் இருக்குன்னு வர்றாங்க"ன்னு கேக்கறியா? நல்லாக் கேட்ட. நீ வெந்நீர்த் தொட்டியில கழுத்துவரைக்கும் மூழ்கிக்கிட்டு, ஊர்க்கதை பேசிக்கிட்டு, ராத்திரி வானத்துல பச்சை ஒளி கூத்தாடறதைப் பாத்துக் கொட்டாவி விடறியே, அதைப் பாக்கத்தான் வர்றாங்க.

எரிந்து அடங்கிய மலையைப் பார்க்க வருகிறார்கள். எரியக் காத்திருக்கும் மலையைப் பார்க்க வருகிறார்கள். பாறை பிளந்து பாயும் அருவியைப் பார்க்க வருகிறார்கள். வரட்டும், பார்க்கட்டும், நனையட்டும். ஆனால் அவர்கள் ஏன் வரவேண்டும் என்பதற்கு என்னிடம் வேறொரு காரணம் இருக்கிறது. ஐந்து மாதமாக அது என் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

போன செப்டம்பரில் ஒரு அம்மா ஊர் சுற்ற வந்திருந்தார், நினைவிருக்கிறதா? பெயர் சுலேமா. நாடு உருகுவே. பள்ளிக்கூட வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையை முப்பது வருடம் பார்த்தவர். நம் மொழியில் அவருக்கு ஒன்றிலிருந்து இருபதுவரை எண்கள் மட்டும் தெரியும். காப்பி குடிக்க நாம் உட்கார்ந்தால் விரலை நீட்டி நம் தலைகளை எண்ணுவார். எழுந்தால் மறுபடி எண்ணுவார். நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். "எங்களை என்ன சந்தைக்கா ஓட்டிட்டுப் போற"ன்னு கேட்டது வேறு யாருமில்லை, நான்தான்.

ஆடு இறக்கும் கடைசி நாள் காலையில் ஹாவர்துர் என்னோடு சண்டை போட்டார். அந்தம்மாவைப் பட்டிக்குள் விடாதே என்றார். வெளியே வாசலில் நிற்கட்டும் என்று முடிவாயிற்று. நாங்கள் பத்தொன்பது பேர் மலை ஏறினோம். மதியம் மூடுபனி இறங்கியது. நான்கு மணிக்குப் பட்டிக்கு வந்து சேர்ந்தோம். வந்ததும் என்ன செய்தோம்? ஆடுகளை எண்ணினோம். நான்கு குறைந்தது. எந்த நான்கு, யாருடைய காதுக்குறி, எந்தப் பள்ளத்தில் தவறவிட்டோம் என்று அரைமணி நேரம் குரல் கிழியக் கத்தினோம். ஆட்களை எண்ணினோமா? எவராவது எண்ணினோமா? எண்ண வேண்டிய மலையரசன் நான், எண்ணினேனா?

வாசலில் நின்ற அந்தம்மா எண்ணியிருந்தார். வந்து என் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தார். "பத்தொன்பது" என்று மலையை நோக்கி விரலை நீட்டினார், "பதினெட்டு" என்று எங்களைக் காட்டினார். சுற்றிப் பார்த்தேன். ஹாவர்துர் இல்லை. கோபித்துக்கொண்டு குறுக்கு வழியில் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்து, கையை உதறினேன். அந்தம்மா விடவில்லை. குதிரையோட போட்டோ எடுக்க அந்தம்மா ஆசைப்படறாங்கன்னு நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரித்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது.

மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு திரும்ப ஏறினேன். நாய் ஸ்குக்கியும் வந்தது. கறுப்புப் பாறைக்குக் கீழே, தொடை எலும்பு முறிந்து, முழங்கால்வரை ஓடைத் தண்ணீரில் ஹாவர்துர் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவர ஆள் இருந்திருக்க மாட்டார்.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கண் திறந்த ஹாவர்துர் முதலில் பார்த்தது நாயின் முகத்தை. நாய் காப்பாற்றியது என்றீர்கள். பள்ளிப் பிள்ளைகள் அதன் கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். ஆள் குறைவதைக் கண்டுபிடித்தவள் மலையரசன் என்று குளிர்கால விருந்தில் எனக்குக் கைதட்டினீர்கள். நான் எழுந்து நின்று அதை வாங்கிக்கொண்டேன். ஸ்குக்கியாவது மோப்பம் பிடித்தது, நான் என்னத்தைப் பிடித்தேன்? அந்தம்மா மறுநாள் பேருந்தில் போய்விட்டார். ஒருவரும் அவருக்கு ஒரு வாய் நன்றி சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, மக்களே. ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

ஆகவே சொல்கிறேன். பனிமலை பார்க்க விரும்புகிறவர்களே, வாருங்கள்! வெந்நீரில் குளிக்க விரும்புகிறவர்களே, வாருங்கள்! ஆட்டின் கணக்கு தெரியாதவர்களே, நீங்கள் கட்டாயம் வாருங்கள்! இந்தத் தீவில் மலை அதிகம், மூடுபனி அதிகம், மனிதர்கள் குறைவு. எங்களில் ஒருவர் குறைந்தால் கண்டுபிடிக்க இன்னும் ஒரு ஜோடிக் கண் வேண்டும். அந்தக் கண்ணுக்கு எதிராகவா கதவைப் பூட்டுவது?

ஹாவர்துர், மன்னிச்சிருங்க. மலையரசன் பட்டத்தை இந்த மேசைமேல வச்சிட்டேன், யாருக்குக் கொடுக்கணுமோ கொடுங்க. என்ன, கைத்தடிய ஊணிக்கிட்டு எழுந்திரிக்கறீங்க? சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்லிவிடுகிறேன். "அந்தம்மா பேரு என்னன்னு சொன்ன?" என்று கேட்கிறார்.

சுலேமா, ஹாவர்துர். சுலேமா.

தீர்மானத் தாளை மடித்துப் பைக்குள் வைக்கிறார். தலைவி அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பொறுத்திருந்து கேட்ட பெரியவர்களுக்கும், பொரித்து வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றியும் வணக்கமும். காப்பிக்குப் போகலாம். இந்த மன்றத்தில் இப்போது அறுபத்து மூன்று பேர் இருக்கிறோம். மேடை ஏறும்போதே எண்ணிவிட்டேன்.